மாற்றியமைக்க ஒரு முதல் கார்: வன்னியில் பத்திரமும் தகடும் பார்த்து வாங்குவது எப்படி

பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் பெற்றோல் கிடைக்காமற்போனபோது, வடக்கில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்க்கும் அளவுக்கு அந்த எஞ்சின்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் எங்கள் மெக்கானிக்குகள். அவர்களிடம் தொழில் பழகியவர்கள் இன்றும் வன்னியில் கராஜ் வைத்திருக்கிறார்கள். ஆகவே, மாற்றியமைக்கும் ஆசையோடு முதல் காரைத் தேடும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: எஞ்சினை எங்கள் ஊரில் எப்படியும் மீட்டுவிடலாம், கறள் தின்ற தகட்டுக் கூட்டையும் குழம்பிய பத்திரத்தையும் எவராலும் எளிதில் மீட்க முடியாது. பத்திரம், தகடு, எஞ்சின் என்ற இந்த ஒழுங்கில் பாருங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்து, சத்தத்தைக் கேட்டு மயங்கி முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டபோதும் வரி கடுமையாக இருந்ததும், முப்பது வருடப் பழைய ஜப்பானியக் காருக்குக்கூட இங்கே பெரிய விலையைப் பெற்றுக்கொடுத்துள்ளன. இதனால் ஒரு நன்மையும் உண்டு. பழுதில்லாத கூடும் தெளிவான பத்திரமும் உள்ள காரை வாங்கினால், பிற்பாடு விற்கும்போது போட்ட பணத்தின் பெரும்பகுதி திரும்பி வரும். கையில் உள்ள முழுத் தொகையையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கை விலையாகவும், எஞ்சிய பங்கைப் பெயர் மாற்றம், காப்புறுதி, ரயர், பிரேக், எஞ்சினைக் குளிரூட்டும் பகுதி ஆகியவற்றுக்காகவும் ஒதுக்கி வைத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள். மீதிப் பணத்தை லீசிங்கில் எடுக்கலாம் என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. மாற்றியமைக்கும் கார் மாதக்கணக்கில் கராஜில் நிற்கக்கூடியது. அது நிற்கும் மாதத்திலும் தவணை வந்துகொண்டேயிருக்கும்.

பத்திர விடயத்தில் முதலாவதாகப் பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதியைக் கேளுங்கள். நிழற்பிரதியை மட்டும் காட்டுபவரிடம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் பொறிக்கப்பட்டுள்ளவற்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய ஜப்பானியக் கார்கள் பெரும்பாலானவற்றில் செசி இலக்கம் பொனட்டைத் திறந்ததும் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டில் இருக்கும். அந்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தையலோ, அரத்தால் உராய்ந்த தடமோ, புதிதாகப் பெயின்ட் அடித்த பூச்சோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வன்னியைப் பொறுத்தவரை இதில் இன்னொரு காரணமும் உண்டு. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த குடும்பங்களில் பல, வாகனத்தையும் பத்திரத்தையும் ஒன்றாகவே அங்கே விட்டுவிட்டு வந்தவை. பழைய இலக்கத் தகடுள்ள ஒரு காரின் பத்திரத்தில் ஏதேனும் இடைவெளி தெரியுமானால், அது இன்னொருவர் இழந்த உடைமையாக இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும்.

"ஓப்பின் பேப்பர்" என்று சொல்லப்படும் முறையில், பழைய உரிமையாளர் ஒப்பமிட்ட படிவங்கள் திகதியும் பெயரும் நிரப்பப்படாமல் நான்கைந்து கைகள் மாறி வந்திருக்கும். விற்பவரின் பெயர் புத்தகத்தில் இல்லையென்றால், புத்தகத்தில் பெயருள்ளவரை நேரில் கண்டு, அடையாள அட்டையைப் பார்த்து, உரிமை மாற்றத்துக்கான எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 படிவங்களில் உங்கள் முன்னிலையிலேயே ஒப்பம் பெறுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணைய சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்து விபரம் பெறலாம். காரின் மீது லீசிங் நிறுவனமொன்றின் உரிமை இன்னும் பதிவில் உள்ளதா என்பதை அங்கே கட்டாயம் பாருங்கள். கடன் கட்டி முடிந்துவிட்டது என்று வாய்ச்சொல்லாகச் சொல்வது போதாது. நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். வாகனத்தின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படாமல் இருந்தால் நிலுவையும் தண்டமும் யாருடைய பொறுப்பு என்பதை விலை பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இனித் தகடு. நான் முதன்முதலில் வாங்கிய கார் பளபளக்கும் சிவப்புப் பெயின்ட்டும் அகன்ற வீல்களுமாக நின்ற ஒரு ஜப்பானியக் கார். விற்றவர் எஞ்சினை இயக்கிக் காட்டினார். அது தையல் இயந்திரம் போல ஓடியது. அந்த மாரியில், வாய்க்கால் நிரம்பி வீதியைக் கடந்து ஓடிய தண்ணீருக்குள் காரை விட்டபோது, காலடியில் கார்ப்பெற் நனைவதை உணர்ந்தேன். கார்ப்பெற்றை உரித்துப் பார்த்தால், தளத்தின் பாதியில் தகடே இருக்கவில்லை. சாக்குத் துண்டை வைத்துத் தாரும், ஓட்டை நிரப்பும் பட்டிப் பசையும் பூசி மூடியிருந்தார்கள். எஞ்சினை முழுமையாகச் செய்விக்கும் செலவைவிட அந்தத் தளத்தை வெட்டி ஒட்டும் செலவு கூடுதலாக வந்தது. தகட்டு வேலை பார்த்த ரிங்கர் அண்ணை அன்றைக்குச் சொன்ன வார்த்தையை இப்போதும் ஒவ்வொரு கார் பார்க்கப் போகும்போதும் நினைக்கிறேன்: "தம்பி, எஞ்சினைப் பிறகு பாப்பம், முதல்ல கீழ படுத்துத் தகட்டைப் பாரும்."

காலை வெயிலில், கழுவாத காரைப் பாருங்கள். ஈரத்தில் எல்லாப் பெயின்ட்டும் அழகாகவே தெரியும். சிறிய காந்தமொன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் கீழ்விளிம்பு, சில்லுக்கு மேலுள்ள வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் படித்தகடு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டி இருக்கிறது. டிக்கியில் மேலதிகச் சில்லைத் தூக்கி அதன் குழியைத் தடவிப் பாருங்கள். பற்றரி இருக்கும் தட்டு, முன் கண்ணாடியின் கீழ்விளிம்பு, சொக் அப்சோபர் மேலே பூட்டப்படும் கிண்ணம் ஆகியவை கறள் ஒளிந்திருக்கும் இடங்கள். இவற்றுள் கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. சொக்கையும் ஸ்பிரிங்கையும் மாற்றி அமைக்கப்போகும் உங்களுக்கு, அந்தக் கிண்ணத்தின் தகடு பலவீனமாக இருந்தால் எந்த விலையுயர்ந்த சொக்கும் பயன்தராது. முல்லைத்தீவுக் கரையோரத்திலோ பூநகரி, ஆனையிறவுப் பக்கங்களிலோ நீண்டகாலம் நின்ற காரென்றால், உப்புக்காற்று அடித்தளத்தை அரித்திருக்கும். அதை ஜக்கில் ஏற்றியோ குழியுள்ள கராஜுக்குக் கொண்டுபோயோ பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

அடிபட்ட காரைக் கண்டுபிடிப்பதற்குக் கதவுகளின் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பார்ப்பதும், மட்காட்டைப் பூட்டிய போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் போதுமான தொடக்கம். ஏ9 வீதியில் இரவில் படுத்திருக்கும் மாடுகளில் மோதி முன்பக்கம் கட்டிய கார்கள் எங்கள் பகுதியில் குறைவல்ல என்பதால், ரேடியேட்டரைத் தாங்கும் தகடு நெளிந்து நிமிர்த்தப்பட்டுள்ளதா என்பதைத் தனியே கவனியுங்கள்.

வெள்ளத்தில் நின்ற காரை அடையாளம் காண்பது கொஞ்சம் கடினம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொழும்பின் புறநகர்கள் மூழ்கின. அங்கே நனைந்த கார் இங்கே வந்து விற்கப்படுவதற்குத் தடையேதுமில்லை. சீற் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து அதன் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு உள்ளதா என்று பாருங்கள். சீற்றின் கீழுள்ள தண்டவாளங்களிலும், டாஷ்போட்டின் அடியிலுள்ள திருகாணிகளிலும் கறள் உள்ளதா என்றும் பாருங்கள்; கதவுகளை மூடி இரண்டு நிமிடம் உள்ளே இருந்து பூஞ்சண மணம் வருகிறதா என்று கவனியுங்கள். தண்ணீர் புகுந்த வயரிங் வருடக்கணக்கில் தொல்லை கொடுக்கும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போது பொனட் ஏற்கெனவே சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஒயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்தது போன்ற கசடு இருந்தால் தண்ணீரும் ஒயிலும் எங்கேயோ சந்திக்கின்றன. நீலப்புகை ஒயில் எரிவதையும், கறுப்புப்புகை எரிபொருள் மிகையாகப் போவதையும், எஞ்சின் சூடான பின்னும் நிற்காத வெண்புகை, எஞ்சினின் தலைப்பகுதியை அடைக்கும் தகடான ஹெட் கஸ்கட்டின் கோளாற்றையும் காட்டும். குளிர்ந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்து பாருங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றி வந்த ரேடியேட்டரில், கேத்திலின் அடியில் படிவது போன்ற வெள்ளைப் படிவு குழாய்களை அடைத்திருக்கும். சித்திரை வெயிலில் அந்தக் கார் கொதிக்கும். சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கும் கம்பிரஷன் பரிசோதனைக் கருவி பல கராஜ்களில் உண்டு. சிலிண்டர்களின் அளவுகள் ஒன்றுக்கொன்று 10 வீதத்துக்கு மேல் வேறுபடாவிட்டால் அந்த எஞ்சினை நம்பித் தொடங்கலாம். மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நான் பெரிதாக எடுப்பதில்லை. பிரேக் மிதியின் இறப்பரும் ஸ்டியரிங்கின் தேய்வும் அதைவிட உண்மையைச் சொல்லும்.

எந்தக் கார் என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் காருக்கு மனுவல் கியர் உள்ளதையும், இயலுமானால் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் உட்செலுத்தும் எஞ்சின் உள்ளதையும் பரிந்துரைப்பேன். கையிருப்பு மிகக் குறைவென்றால் மாருதி 800 ஒன்றை எடுத்து, அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேலே, நிசான் சன்னி எஃப்பி 13, எஃப்பி 14 ஆகியவற்றில் உள்ள ஜிஏ வகை எஞ்சின், வால்வுகளை இயக்க டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாக டைமிங் செயினைக் கொண்டது. பெல்ட் அறுந்துவிடும் என்ற பயமில்லை. கொரோலா ஏஈ 100 வகையின் 1498 சிசி 5ஏ எஞ்சினுக்குப் பெல்ட் உண்டு. ஆனால் அதன் பாகம் கிடைக்காத கடை அரிது, கிடைக்காததையும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுக்கலாம். ஹொண்டா சிவிக் ஈஜி 8இன் நான்கு சில்லுகளையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு இருப்பதால் வளைவுகளில் அது நிற்கும் அழகே தனி. எனினும் அந்த அமைப்பிலுள்ள ஏராளமான இறப்பர் புஷ்கள் கிரவல் வீதியில் விரைவில் தேயும் என்பதையும், பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளையும் என்பதையும் அறிந்துகொண்டு வாங்குங்கள். பின்சில்லு இழுக்கும் கொரோலா கேஈ 70 எல்லோருடைய கனவு. அதன் 4கே எஞ்சின் 1290 சிசிதான், கையால் பழகுவதற்கு அதைவிட எளியது கிடையாது. ஆனால் ஆர்வலர்கள் அதன் விலையை ஏற்றிவிட்டார்கள், நல்ல தகட்டோடு இருப்பவை மிகக் குறைவு. என்னுடைய தெரிவு, எவரும் கவனிக்காத வெள்ளைச் சன்னிதான். ஆசிரியரோ கிளாக்கரோ ஒருவரே பதினைந்து வருடம் ஓடிய, சீற் உறை மாற்றாத காரைத் தேடுங்கள்.

இன்னொருவர் ஏற்கெனவே மாற்றியமைத்த காரை முதல் காராக வாங்க வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருப்பார்கள். மேலதிக விளக்குகளுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் இழுத்த வயர்கள் பியூஸ் இல்லாமல் போகும். எஞ்சின் மாற்றியிருந்தால் அது பதிவுப் புத்தகத்தில் ஏறியிராது. அவருடைய தவறுகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதிலேயே உங்கள் பணம் தீர்ந்துவிடும். நிற மாற்றமும் எஞ்சின் மாற்றமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட வேண்டியவை. புகைப் பரிசோதனையில் சித்தியடையாத கார் வருடாந்த அனுமதிப்பத்திரம் பெறாது. 2025 தொடக்கத்தில் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தின்கீழ் மேலதிக விளக்குகளையும் கூச்சலிடும் ஹோர்ன்களையும் பொலிஸார் வீதியிலேயே அகற்றச் செய்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஆகையால் கண்ணுக்கும் காதுக்கும் செய்யும் வேலைகளைத் தள்ளிவைத்து, ஓட்டத்துக்குச் செய்யும் வேலைகளை மனத்தில் வைத்துக் காரைத் தெரிவுசெய்யுங்கள்.

அப்படித் தெரிவுசெய்யும்போது வன்னியின் வீதிகளையும் கணக்கில் எடுங்கள். ஏ9 கார்ப்பெற் வீதிதான்; ஆனால் அதிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை கிரவலாகவும் பள்ளமாகவும் இருக்கும். காரைத் தாழ்த்தினால் முதலில் அடிபடுவது எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப். உயரத்தைக் குறைக்காமல் நல்ல சொக்குகளைப் பூட்டுவதும், 155 அகல 13 அங்குல ரயருக்குப் பதிலாக 185/60 அளவில் 14 அங்குலம் போடுவதும் போதும். இரண்டின் வெளிவிட்டமும் ஏறத்தாழ 578 மில்லிமீற்றர் என்பதால் மீற்றரும் பொய் சொல்லாது, மட்காட்டிலும் உரசாது. சன்னி, ஏஈ 100, ஈஜி 8 ஆகிய மூன்றிலும் நான்கு போல்ட்டுகள் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைந்திருப்பதால் பாவித்த அலோய் வீல்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுப்பதும் எளிது. கேஈ 70க்கு அது 114.3 மில்லிமீற்றர்.

விலை பேசப் போகும்போது காரோடும் விற்பவரோடும் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிச் செல்லுங்கள். தரகர் அழைத்து வருபவர் வேண்டாம். கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் திருத்தும் செலவை அவரிடம் கேட்டுக் குறித்து, அந்தத் தாளை விற்பவரின் முன் மரியாதையாக வைத்துப் பேசுங்கள். வாங்கியதும் உரிமை மாற்றத்தைக் காலம் கடத்தாமல் செய்து, முதல் வாரத்திலேயே ஒயில், கூலன்ட், பிரேக் ஒயில் ஆகியவற்றையும், பெல்ட் உள்ள எஞ்சினென்றால் டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். பிறகு மூன்று மாதம் எதையும் மாற்றாமல் ஓடுங்கள். எங்கே ஆடுகிறது, எங்கே சூடேறுகிறது, எந்த வளைவில் பயமுறுத்துகிறது என்பதைக் குறித்து வைத்தால், எதை முதலில் மாற்ற வேண்டும் என்பதைக் காரே காட்டிவிடும். கழற்றும் ஒவ்வொரு மூலப் பாகத்தையும் ஒயில் பூசி, சாக்கில் சுற்றி, பெயர் எழுதி, எலி ஏறாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.