ஊசியும் நூலும் போதும்: பிளவுஸ் கையில் ஒரு சங்கிலித் தையல் கொடி

ஆரி வொர்க் கற்றுக்கொள்ளலாமா என்று விசாரித்தாலே ஸ்டாண்டு, பிரேம், ஆரி ஊசி, மணி, ஜர்தோசி என்று ஒரு நீளமான பட்டியல் கைக்கு வந்துவிடும். அதற்குச் செலவழிக்கும் முன் வீட்டில் இருக்கும் ஊசியில் சங்கிலித் தையலைப் பழகிப் பாருங்கள். ஆரி ஊசி போடுவதும் இதே தையல்தான். அங்கே ஊசி முனையிலுள்ள கொக்கி துணிக்குள் இறங்கி, அடியிலிருக்கும் நூலை வளையமாக மேலே இழுக்கிறது. நாம் அதே வளையத்தை மேலிருந்தே போடப்போகிறோம். குஜராத்தின் கட்ச் பகுதியில் மோச்சி சமூகத்தார் தோல் தைத்துப் பழகிய கொக்கி ஊசியையே துணிக்கும் கொண்டுவந்தார்கள். ஊசி மாறினாலும் வளையம் ஒன்றுதான்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். ஆங்கர் போன்ற ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் இரண்டு நிறம், 7 அல்லது 8ஆம் நம்பர் எம்ப்ராய்டரி ஊசி (நம்பர் கூடக் கூட ஊசி மெலிசாகும்), துணியை மாட்ட 6 அங்குல எம்ப்ராய்டரி வளையம், சிறிய கத்தரிக்கோல். பழகுவதற்கு வெள்ளை காடாத் துணியோ பாப்ளினோ போதும். கை வந்தபின் டூ பை டூ பிளவுஸ் துணிக்குப் போகலாம். சாட்டின், ஜார்ஜெட் எல்லாம் இப்போது வேண்டாம், வழுக்கிக்கொண்டே ஓடும்.

துணியை முதலில் துவைத்துக் காயவையுங்கள். பருத்தி சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் கொடியும் சேர்ந்து சுருங்கிவிடும். மெரூன், அடர்சிவப்பு என்றால் ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள். நீளமாக எடுத்தால் அடிக்கடி ஊசி கோக்கும் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் துணிக்குள் உரசி உரசி நூலின் பளபளப்பு போய்விடும், நடுவில் முடிச்சும் விழும். ஆறு இழையில் மூன்றுதான் நமக்கு வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பிரித்தால் சிக்கிக்கொள்ளும். ஒவ்வோர் இழையாக உருவி எடுத்து, பிறகு மூன்றையும் ஒன்றாக வைத்துக் கோத்துக்கொள்ளுங்கள்.

துணியில் நான்கு அங்குலத்துக்கு ஒரு நேர்கோடு வரையுங்கள். கோட்டின் ஆரம்பத்தில் பின்பக்கமிருந்து ஊசியை மேலே எடுங்கள். நூலை இடப்பக்கமாக வளைத்து, இடது கைப் பெருவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள். நூல் வெளியே வந்த அதே துளையில் ஊசியை மறுபடி இறக்கி, கோட்டின் மேலேயே கால் அங்குலம் தள்ளி நுனியை வெளியே எடுங்கள். வளைத்த நூல் ஊசி நுனிக்கு அடியில் இருக்க வேண்டும். இப்போது மெதுவாக இழுங்கள், முதல் கண்ணி விழுந்துவிடும். அடுத்ததற்கு, அந்தக் கண்ணிக்குள் நூல் வெளிவந்த துளையிலேயே ஊசியை இறக்கி, மறுபடி கால் அங்குலம் தள்ளி எடுக்க வேண்டும். அவ்வளவுதான், கோடு முடியும்வரை இதே வேலை.

புதிதாகப் பழகுபவர்கள் சிக்குவது இங்கேதான். துணியை வளையத்தில் இறுக்கி மாட்டிவிட்டு, ஒரே குத்தில் இறக்கி எடுக்கப் பார்ப்பார்கள். துணி வளைந்து கொடுக்காது, விரல்தான் வலிக்கும். ஒன்று, வளையத்தைச் சற்றுத் தளர்த்தி ஒரே குத்தில் எடுங்கள். இல்லையென்றால் இறுக்கமாகவே வைத்து, ஊசியைக் கீழே முழுதாக இறக்கி, அப்புறம் கீழிருந்து மேலே கொண்டுவாருங்கள். இரண்டாவது வழி மெதுவானது. ஆனால் கண்ணிகள் ஒரே அளவில் அமைய, ஆரம்பத்தில் அதையே நான் சொல்வேன்.

இன்னொன்று, இழுப்பு. நூலை வெடுக்கென்று இழுத்தால் கண்ணி ஒடுங்கி வெறும் கோடாகிவிடும், துணியும் சுருங்கும். கண்ணியின் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தெரிந்து, நடுவில் துணி கொஞ்சம் எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். நூல் விலை கூடியதா, வரைந்த டிசைன் அழகா என்பதெல்லாம் அப்புறம். இந்தத் தையலின் அழகு முழுக்க இந்த இழுப்பில்தான் இருக்கிறது.

வரிசை முடிந்ததும் கடைசிக் கண்ணியின் வெளிப்பக்கத்தில் ஊசியை இறக்கிச் சின்னதாக ஒரு பூட்டு போடுங்கள். இதை விட்டால், சரியான முனையைப் பிடித்ததும் சரசரவென்று அவிழும் அரிசி மூட்டைத் தையல் போல மொத்த வரிசையும் கழன்று வந்துவிடும். மூட்டை வாயில் மெஷின் போடுவதும் சங்கிலித் தையலே. இதில் ஒரு வசதியும் உண்டு: பூட்டும் முன் தப்பு தெரிந்தால் ஊசியைக் கழற்றிவிட்டு, பின்பக்கமிருந்து நூலை இழுத்து வேண்டிய கண்ணிவரை பிரித்துக்கொள்ளலாம்.

கண்ணியைத் தொடர்ச்சியாகப் போடாமல், ஒவ்வொன்றையும் போட்ட உடனே பூட்டினால் அது லேசி டெய்சி. ஒரு புள்ளியைச் சுற்றி ஐந்து போட்டால் பூ, கொடியின் பக்கத்தில் சாய்வாக ஒன்று போட்டால் இலை. இரண்டும் கைக்கு வந்துவிட்டதா? சரி, பிளவுஸுக்குப் போகலாம்.

தைத்த பிளவுஸின் கையில் வளையம் மாட்டுவது பெரும்பாடு. அதனால் வெட்டாத துணியிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது. டெய்லரிடம் கையின் அகலத்தையும் மடிப்புக்கு எவ்வளவு விடுவார் என்பதையும் கேட்டு, சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மடிப்புக் கோட்டுக்கு அரை அங்குலம் மேலே அலை அலையாக ஒரு கொடி வரையுங்கள். வளைவுகளில் கண்ணியைச் சின்னதாக்குங்கள், இல்லாவிட்டால் வளைவு கோணல்மாணலாகத் தெரியும். முதலில் கொடி முழுவதும், பிறகு இலைகள், கடைசியில் பூக்கள் என்ற வரிசையில் போனால் நிறம் மாற்றிக் கோக்கும் வேலை குறையும். மெரூன் துணிக்குக் கடுகு மஞ்சள் கொடி எடுப்பாக இருக்கும்.

இதில் முடிச்சு போடாதீர்கள், கையில் உறுத்தும். ஆரம்பிக்கும்போது மூன்று விரல் அளவு நூலைப் பின்பக்கம் விட்டுவைத்து, முடிந்தபின் அங்குள்ள தையல்களுக்கு அடியில் நுழைத்து வெட்டிவிடுங்கள். ஒரு பூவிலிருந்து தூரத்திலுள்ள அடுத்த பூவுக்கு நூலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். வளையல் மாட்டி அறுந்துவிடும்.

வேலையை நிறுத்தும்போதெல்லாம் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், தடம் பதியாது. எல்லாம் முடிந்ததும் குறித்த கோடு போகும்படி அலசுங்கள். மார்க்கர் பேனாவால் வரைந்திருந்தால் அலசும் முன் இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக் கூடாது. சில மை சூடு பட்டால் துணியில் நிலைத்துவிடும். காய்ந்தபின் ஒரு டவல் விரித்து, வேலைப்பாடு கீழே பார்க்க வைத்துப் பின்பக்கத்தில் தேயுங்கள், கண்ணிகள் நசுங்காது. டெய்லரிடம் கொடுக்கும்போது மடிப்புக் கோட்டை அவருக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள், மெஷின் கொடியின் மேல் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வார்.