தக்காளி வண்டியும் என் இடுப்பும்

பாலக்கோட்டில் தக்காளி ஏற்றி, தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போவதுதான் என் பிழைப்பு. வண்டி ஓட்டியதைவிட, கிரேட்டைக் குனிந்து தூக்கியதுதான் இடுப்பைத் தின்றது. காலையில் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாது. டாக்டர் பார்த்துவிட்டு, தசைப்பிடிப்புதான், உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார்.

தெருவில் யோகா சொல்லித்தரும் அக்கா புஜங்காசனத்தில் ஆரம்பித்தார். அதுவும் முழுசாக இல்லை. குப்புறப் படுத்து, முழங்கைகளைத் தோளுக்கு நேர்கீழே ஊன்றி, தொப்புள் பாயை விட்டுக் கிளம்பாமல் நெஞ்சை மட்டும் தூக்கி, நிதானமாக மூச்சு விடவேண்டும். பிட்டத்தை இறுக்கினால் "அதைத் தளர விடுங்கண்ணா" என்று குரல் வரும். வலி காலுக்கு இறங்கினால் உடனே நிறுத்தச் சொன்னார்.

அப்புறம் மார்ஜாரி ஆசனம்: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது முதுகைத் தாழ்த்தி, விடும்போது மேலே வளைப்பது. விறைப்பு விட்டது இதில்தான். கால் நீட்டிக் குனியும் பச்சிமோத்தானாசனம் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார். ஏற்கெனவே நாளெல்லாம் குனிகிறவன்தானே.

சில வாரங்களில் நானே குனிந்து செருப்பு மாட்ட முடிந்தது. கிரேட்டை இப்போது முழங்காலை மடக்கித்தான் தூக்குகிறேன். லோடு இறக்கியதும் மார்க்கெட்டிலேயே பாய் விரித்துவிடுகிறேன். மற்ற டிரைவர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.