வெளிநாட்டுல இருந்து வர்ற கல்வி அதிகாரிக்கு கோலாலம்பூர்ல மூணு நாள் மீட்டிங் போடுறது எப்படி

தமிழ்நாட்டுல இருந்து ஒரு கல்வி அதிகாரி வர்றாங்க, பள்ளி நிர்வாகம் பத்தி இங்க உள்ளவங்களோட பேசணும், நீங்கதான் எல்லாம் ஏற்பாடு பண்ணணும்னு வச்சுக்குங்க. உடனே யார் யாரைப் பார்க்கலாம்னு லிஸ்ட் போட்டுடாதீங்க. முதல்ல அவங்களுக்கே போன் போட்டு, ஊருக்குத் திரும்பினதும் எதைப் பத்தி ரிப்போர்ட் எழுதப் போறீங்கன்னு கேளுங்க, அதை வச்சுத்தான் மத்ததெல்லாம்.

நாள் பார்க்கிறப்போ செவ்வாய், புதன், வியாழன் எடுங்க. வெள்ளி வேண்டவே வேண்டாம், அரசாங்க ஆபிஸ்ல தொழுகைக்காக மத்தியானம் 12.15ல இருந்து 2.45 வரைக்கும் பிரேக். நான் ஒருதடவை தெரியாம 12 மணிக்கு ஒருத்தரை கூட்டிட்டுப் போய், அவ்வளவு தூரம் வந்த பெரிய மனுஷர் ரெண்டரை மணி நேரத்துக்கும் மேல வெளிய உக்காந்திருந்தாரு, இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு.

முதல் நாள் காலைல தமிழ்ப்பள்ளிக்கு கூட்டிட்டுப் போங்க, புத்ராஜெயாவுல இருக்கிற கல்வி அமைச்சுக்கு அப்புறம் போய்க்கலாம். வகுப்பைப் பார்த்து, தலைமையாசிரியர்கிட்ட கட்டடம், ஆசிரியர் பற்றாக்குறை, பாலர் பள்ளி எல்லாம் பேசிட்டு வந்தவங்க புத்ராஜெயாவுல கேக்கிற கேள்வியே வேற மாதிரி இருக்கும், இதை நான் கண்ணால பார்த்திருக்கேன். ஆனா பள்ளிக்குள்ள போக கல்வி இலாகா அனுமதி முன்னாடியே வாங்கிடணும், லெட்டரை மலாய்லயே எழுதுங்க.

ரெண்டாவது நாள் புக்கிட் கியாராவுல இருக்கிற இந்தான், அரசாங்க அதிகாரிங்களுக்குப் பயிற்சி குடுக்கிற இடம். அங்க இருந்து மலாயா பல்கலைக்கழகம் பக்கம்தான், 1956ல ஆரம்பிச்ச இந்திய ஆய்வியல் துறையும் அங்கதான் இருக்கு, மத்தியானத்துக்கு மேல அங்க போயிடலாம். சாயங்காலம் மழை வந்தா ஜாம் ஆயிடும், அதனால நாலு மணிக்கு மேல எதுவும் வைக்காதீங்க.

புத்ராஜெயா கடைசி நாள். கேஎல்ஐஏ போற பக்கம்தானே, பெட்டியோட கிளம்பினா மீட்டிங் முடிஞ்சு நேரா ஏர்போர்ட்டுக்கே போயிடலாம்.

பார்க்கப் போறவங்களோட டத்தோ, டான்ஸ்ரீ மாதிரி கௌரவப் பட்டமெல்லாம் அவங்க செக்ரட்டரிகிட்டயே கேட்டு சரியா எழுதுங்க. எந்த பிளாக், எத்தனாவது மாடி, வாசல்ல யார் வந்து கூட்டிட்டுப் போவாங்க, அவங்க போன் நம்பர், எல்லாத்தையும் ஒரே தாள்ல பிரிண்ட் எடுத்து டிரைவர்கிட்டயும் ஒண்ணு குடுத்துடுங்க.