பிளாஸ்டிக் விமான மாடல்: கட்டவும் பெயின்ட் அடிக்கவும் எது முதலில், எது பிறகு

கிட் பெட்டியில் வரும் விளக்கத்தாள், எந்தத் துண்டு எங்கே ஒட்டும் என்று காட்ட வரையப்பட்டது. எந்தத் துண்டுக்கு எப்போது பெயின்ட் அடிப்பது என்பதை அது கவலைப்படாது. ஓரமாக ஒரு வண்ண எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அதன் எண் வரிசைப்படியே ஒட்டிக்கொண்டு போனால், சக்கரக் கால்கள் ஒட்டிய விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்து அடிவயிற்றில், பெயின்ட் படாமல் மறைக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டும் நிலை வரும். அப்போது கால் முறியும். அதனால் கத்தியை எடுப்பதற்கு முன் பென்சிலை எடுங்கள். விளக்கத்தாளின் ஒவ்வொரு படத்திலும் ஒரே கேள்வி: இதை ஒட்டிய பிறகு பிரஷ் எட்டுமா, உப்புத்தாள் எட்டுமா? எட்டாது என்றால் முதலில் பெயின்ட், பிறகு ஒட்டு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம், ஆன்டெனா, வேகம் அளக்கும் பிட்டோ குழாய், ப்ரொப்பெல்லர், துப்பாக்கிக் குழல் எல்லாம் கடைசிக்கு. இந்த அரை மணி நேர வேலை மாடலைப் பாதி காப்பாற்றிவிடும்.

எந்த கிட், என்ன கருவி

1/72 என்றால் நிஜ விமானத்தின் 72 செ.மீ. மாடலில் 1 செ.மீ. ஆகும். இறக்கை வீச்சு 11.23 மீட்டர் உள்ள ஸ்பிட்ஃபயர், 1/72-இல் 15.6 செ.மீ., 1/48-இல் 23.4 செ.மீ., 1/32-இல் 35 செ.மீ. வரும். முதல் மாடலுக்கு 1/48-இல் ஒற்றை எஞ்சின், ஒற்றை இறக்கைப் போர் விமானம் நல்லது: கையில் பிடிக்க இடமிருக்கும், துண்டுகளும் அளவாக இருக்கும். இரண்டடுக்கு இறக்கை விமானத்தை விட்டுவிடுங்கள். தாங்குகால்களை நேராக நிறுத்துவதும் கம்பி கட்டுவதும் தனிக் கலை. பெயின்ட் இல்லாத அலுமினியத் தோற்றமும் இப்போது வேண்டாம். உலோக நிறம் அடியில் உள்ள ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும்.

ஸ்ப்ரூ (துண்டுகள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டும் தட்டை முனை நிப்பர், 11-ஆம் எண் பிளேடு பொருத்திய கத்தி, கூர்முனை ட்வீசர், 400 முதல் 2000 வரை நான்கைந்து தர உப்புத்தாள், 6 மி.மீ. மற்றும் 10 மி.மீ. மாஸ்கிங் டேப். இவை போதும். பசை மட்டும் மூன்று வகை தேவை, மூன்றின் வேலையும் வேறு. மெல்லிய சிமென்ட் உண்மையில் பசை அல்ல. கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக உருக வைக்கும் கரைப்பான். பெயின்ட் பட்ட இடத்தில் அது சரியாகப் பிடிக்காது, ஆகவே ஒட்டும் விளிம்பில் பெயின்டைச் சுரண்டிவிட வேண்டும். உலோகத் தகடு, ரெசின் துண்டுகளுக்கு சூப்பர் க்ளூ. கண்ணாடித் துண்டுகளுக்கு வெள்ளைப் பிவிஏ பசை. சூப்பர் க்ளூவை அங்கே பயன்படுத்தினால் அதன் ஆவி படிந்து கண்ணாடி பனி மூடியது போல வெளுத்துவிடும்.

வெட்டுவதும் சுத்தம் செய்வதும்

ஸ்ப்ரூவை வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து துண்டு சுலபமாக வெளிவர உதவும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் பிறகு பெயின்ட் உரியும்.

துண்டை ஒரே வெட்டில் எடுக்க வேண்டாம். முதல் வெட்டு துண்டிலிருந்து 2 மி.மீ. தள்ளி, மிச்சத்தை இரண்டாவது வெட்டில் எடுத்து, கடைசிக் குறுணியைக் கத்தியால் சீவி, 600 தாளால் தேய்க்கலாம். ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் அழுத்தத்தில் வெளுக்கும், சில நேரம் துண்டிலேயே பள்ளம் பறிக்கும். அச்சின் இரு பாதிகள் சந்தித்த இடத்தில் சக்கரம், குழல், கால் எல்லாவற்றிலும் மெல்லிய வரி ஓடும். கத்தி முனையைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டினால் போய்விடும். தேவையான துண்டுகளை மட்டும் அவ்வப்போது வெட்டுங்கள். எண் எல்லாம் ஸ்ப்ரூவில்தான் இருக்கிறது.

காக்பிட், மூக்கின் எடை

விமானி அமரும் காக்பிட்டுக்கு உள்ளேயே முழுப் பெயின்ட் முடிந்த பிறகுதான் உடற்பகுதியின் இரு பாதிகளையும் மூட வேண்டும். நிறம் நாட்டையும் ஆண்டையும் பொறுத்தது. பிரிட்டிஷ் விமானங்களுக்குச் சாம்பல் கலந்த பச்சை. ஜெர்மன் போர் விமானங்களில் 1941 இறுதி வரை ஆர்எல்எம் 02 (ஆர்எல்எம் என்பது ஜெர்மன் விமான அமைச்சகத்தின் நிற எண்), அதன் பிறகு கருஞ்சாம்பலான ஆர்எல்எம் 66. அடிநிறம் காய்ந்ததும் கரும்பழுப்பு வாஷ் (மிக நீர்த்த பெயின்ட்) ஒன்றை ஓட விட்டு, மேடுகளில் மட்டும் சற்று வெளிறிய அதே நிறத்தை உலர்ந்த பிரஷால் தொட்டுவிட்டால் போதும். காக்பிட்டின் கண்ணாடி மூடியான கேனபியை மூடிய பிறகு இதில் பாதிதான் தெரியும். 1/72-இல் சீட் பெல்ட்டும் கருவிப் பலகையும் தவிர மற்றதற்கு மாய்ந்து வேலை செய்வது உங்கள் மனத்திருப்திக்கு மட்டுமே.

மூக்கில் சக்கரம் உள்ள விமானம் என்றால், மூடுவதற்கு முன்பே மூக்குக்குள் எடை வையுங்கள். பி-38, பி-39, பெரும்பாலான ஜெட்கள் இந்த வகை. எடை இல்லாவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். எவ்வளவு என்று விளக்கத்தாள் சொல்லும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்: உடல், இறக்கை, வால் எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்துப் பிடித்து, பின் சக்கரக் கால் வரும் இடத்தில் ஒரு பென்சிலின் மேல் நிறுத்திப் பாருங்கள். மூக்குத் தெளிவாகக் கீழே சாயும் வரை எடையைக் கூட்டுங்கள். ஈயத்தைப் பிவிஏ பசையில் புதைக்கக் கூடாது. காலப்போக்கில் ஈயம் அரித்து, உப்பி, உடற்பகுதியையே பிளந்துவிடும். எபாக்சி அல்லது சூப்பர் க்ளூவில் வையுங்கள். அல்லது இரும்பு நட்டுகளைப் போடுங்கள்.

இணைப்புக் கோடு

புதியவர்கள் மாடலைப் பார்த்து முதலில் வியப்பது நிறத்தை. பழகியவர்கள் முதலில் பார்ப்பது முதுகெலும்பில் ஓடும் இணைப்புக் கோட்டை. பெயின்ட் அதை மறைக்கும் என்பது வெறும் நம்பிக்கை. சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் கண்ணில் படாத வெடிப்பு, ஒரே நிறப் பெயின்ட் அடித்ததும் கருங்கோடாக எழுந்து நிற்கும்.

பசை இல்லாமல் இரு பாதிகளையும் சேர்த்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் காரணம் பெரும்பாலும் உள்ளே: காக்பிட் தொட்டி அகலமாக இருக்கும், அல்லது துளையில் நுழையும் முளை கோணியிருக்கும். முளையை வெட்டி எறிந்தால் பல நேரம் எல்லாம் சரியாகிவிடும். பிறகு பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, மெல்லிய சிமென்ட் பிரஷை இணைப்பில் தொட்டால் திரவம் தானே உள்ளே ஓடும். ஒரு முறைக்கு 3 செ.மீ. மட்டும். சில நொடி பொறுத்து இரு பக்கமும் மெதுவாக அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் கோட்டின் மேல் சிறு கரையாகப் பிதுங்கும். அதுதான் நமக்கு வேண்டியது. விரல் இணைப்பின் மேல் படக் கூடாது; சிமென்ட் விரலுக்கடியில் ஓடிக் கைரேகையை நிரந்தரமாகப் பதித்துவிடும்.

இதை 24 மணி நேரம் தொடாதீர்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் அன்று வழவழப்பாக இருக்கும். ஒரு வாரம் கழித்து, மென்மையாகியிருந்த பிளாஸ்டிக் காய்ந்து சுருங்கிக் கோடு மறுபடி பள்ளமாக விழும். அதற்குள் பெயின்டும் முடிந்திருக்கும்.

தேய்க்கும்போது 400-இல் தொடங்கி 600, 1000 என்று, தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும். வளைந்த முதுகில் கட்டையான தாளைப் பயன்படுத்தினால் உருண்டை போய்த் தட்டையாகும். மெத்தென்ற பட்டையில் ஒட்டிய தாளை வளைவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். மிச்சப் பள்ளத்துக்குத் திரவப் புட்டி போதும். மிஸ்டர் சர்ஃபேசர் 500 இதற்குப் பெயர் பெற்றது. ஆழமான ஓட்டைக்கு சூப்பர் க்ளூ நல்லது, சுருங்காது. ஆனால் கெட்டியானதும் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி நிற்கும். சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேயும். தேய்ப்பில் அழிந்த தகட்டுக் கோடுகளை (விமானத்தின் உலோகத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்), தடித்த லேபிள் டேப்பை விளிம்பாக ஒட்டி, ஊசி முனையால் அழுத்தாமல் நான்கைந்து முறை இழுத்து மீட்கலாம். ஒரே இழுப்பில் ஆழமாகக் கீற நினைத்தால் ஊசி வழுக்கும்.

இறக்கை உடலோடு சேரும் மூலையில் புட்டி போட்டால் தேய்ப்பது கடினம். இறக்கை நுனிகளை ஒரு டேப்பால் மேலிழுத்துக் கட்டி ஒட்டினால் அந்த இடைவெளி தானே மூடிக்கொள்ளும். முன்னாலிருந்து பார்த்து இரு இறக்கையும் ஒரே அளவு உயர்ந்திருக்கிறதா, வால் அவற்றுக்கு இணையாக உள்ளதா என்று சரிபார்த்த பிறகே காய விடுங்கள்.

பெயின்ட்

கேனபியை மாஸ்க் செய்து, வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். அதன் சட்டங்களுக்கு முதலில் காக்பிட்டின் உள்நிறம், அதன் மேல் வெளிநிறம். உள்ளிருந்து பார்த்தால் சரியான நிறம் தெரியும். பிறகு சாம்பல் பிரைமர். பிரைமர் பெயின்டைப் பிடித்து நிறுத்துவதோடு, விட்டுப்போன கீறலையெல்லாம் காட்டும். திருத்த இதுவே கடைசி வாய்ப்பு.

ஏர்பிரஷ் இருந்தால் 0.3 மி.மீ. ஊசி, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம். டாமியா அக்ரிலிக்கை அதன் தின்னரோடு சரிபாதி கலந்தால் பால் பதத்துக்கு வரும். 8 முதல் 10 செ.மீ. தூரத்தில், கையை நிறுத்தாமல், மூன்று நான்கு மெல்லிய பூச்சு. மேற்பரப்பு சொரசொரப்பானால் பெயின்ட் வழியிலேயே காய்கிறது: அருகே வாருங்கள், இன்னும் கொஞ்சம் தின்னர் சேருங்கள். சிலந்திக் கால் போலப் பெயின்ட் ஓடினால் நேரெதிர்க் காரணம்: மிக நீர்த்திருக்கிறது, அல்லது அழுத்தம் அதிகம். லாக்கர் வகைப் பெயின்டும் தின்னரும் தெளிக்கும்போது காற்றோட்டமும், கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடியும் கட்டாயம். தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது.

கைப்பிரஷால் அடிப்பதும் குறைவான வழி அல்ல. வல்லேஹோ போன்ற அக்ரிலிக்கைச் சற்று நீர்த்து, அகலமான மென்பிரஷால் ஒரே திசையில் ஒரு பூச்சு. நன்கு காய்ந்ததும் குறுக்குத் திசையில் அடுத்தது. முதல் பூச்சு திட்டுத்திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும். அரைகுறையாகக் காய்ந்த இடத்தைத் திருத்தப் போனால் பெயின்ட் உரிந்து வரும்.

வெளிர் நிறத்திலிருந்து கரும் நிறத்துக்குப் போவது வழக்கம். பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் பகல் போர் விமானம் என்றால் அடியில் வெளிர் நிறம், பிறகு மேலே கேமுஃப்ளாஜ், அதாவது எதிரி கண்ணுக்கு மறைக்கும் திட்டு நிறங்கள். 1940-இன் பழுப்பும் பச்சையும் 1941 ஆகஸ்டில் சாம்பலும் பச்சையுமாக மாறின. எந்த மாதத்து விமானம் என்று தீர்மானித்துக்கொண்டு நிறம் வாங்குங்கள். 1944 ஜூனில் நார்மண்டிப் படையிறக்கத்துக்காக அடித்த வெள்ளை, கறுப்புப் பட்டைகள் ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொன்றும் 18 அங்குலம். அதாவது 457 மி.மீ.; 72-ஆல் வகுத்தால் 6.35, 48-ஆல் வகுத்தால் 9.5 மி.மீ. முழுப்பகுதிக்கும் முதலில் வெள்ளை, டேப், பிறகு கறுப்பு. டேப்பின் ஓரத்தில் முதலில் வெள்ளையையே ஒரு முறை தெளித்தால் கசிவு வெள்ளையாகவே அடைபடும், கறுப்புக்கு நேரான விளிம்பு கிடைக்கும். நிஜப் பட்டைகள் அவசரத்தில், பல இடங்களில் பிரஷால் அடிக்கப்பட்டவை. கொஞ்சம் கோணினால் வருந்த வேண்டாம். டேப்பை மேலே தூக்காமல், தன் மேலேயே மடித்துப் படுக்கையாக இழுத்து எடுங்கள்.

டீகால், வாஷ், கடைசித் துண்டுகள்

மேட் (பளபளப்பில்லாத) பரப்பில் டீகால், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படம், ஒட்டினால், நுண்ணிய மேடுபள்ளங்களில் காற்று சிக்கி, ஓரம் வெள்ளியாக மினுங்கும். அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ். டீகாலை வெட்டி வெதுவெதுப்பான நீரில் 10 நொடி முக்கி, வெளியே எடுத்து வைத்து, தானாக நகரும்போது ஈரமான பரப்பில் தள்ளுங்கள். சரியான இடத்தில் நிறுத்தித் தண்ணீரை ஒற்றி எடுத்த பிறகு மைக்ரோ சால் போன்ற மென்மையாக்கும் திரவம். டீகால் உடனே சுருங்கிச் சுருங்கி நிற்கும், பதற்றமாக இருக்கும். விரல் வைக்காதீர்கள், காயும்போது தானே படிந்து தகட்டுக் கோட்டுக்குள் இறங்கும். பழைய கிட்டின் டீகால் என்றால் தேவையில்லாத ஒன்றை முதலில் நீரில் போட்டுப் பாருங்கள். அது நொறுங்கினால், மீதித் தாளுக்கு ஒரு பூச்சு வார்னிஷ் அடித்துக் காய்ந்த பிறகு பயன்படுத்தலாம். அப்போது ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஒட்டி வெட்டியெடுக்க வேண்டும்.

டீகாலின் மேல் இன்னொரு பளபளப்புப் பூச்சு. பிறகு எண்ணெய்ப் பெயின்டை வெள்ளை ஸ்பிரிட்டில் கரைத்து, தகட்டுக் கோடுகளில் மட்டும் வாஷாகத் தொட்டு ஓட விடுங்கள். அரை மணி கழித்து, காற்று விமானத்தைத் தழுவி ஓடும் திசையில் முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். முழுக் கறுப்பு வேண்டாம். அடிநிறத்தைவிடச் சில படி கருத்ததே போதும். பெயின்ட் இல்லாத பிளாஸ்டிக்கில், முக்கியமாக அழுத்தத்தில் நிற்கும் சக்கரக் காலில் இந்த வாஷ் தேங்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும். கடைசியாக மேட் வார்னிஷ். ஈரப்பதம் அதிகமான நாளில் அடித்தால் வெளுத்துப் பூக்கும், அன்று தள்ளிவைத்துவிடுங்கள்.

இப்போது பென்சிலால் ஒதுக்கிய துண்டுகள். சக்கரக் கால்களை ஒட்டி, கோணம் பார்த்து, காயும் வரை கவிழ்த்தே வையுங்கள். சக்கரத்தின் அடியை உப்புத்தாளில் ஒரு முறை தேய்த்தால் எடை தாங்கும் டயர் போலத் தட்டையாக அமரும். கேனபி மாஸ்க்கை ஊசியால் ஓரம் நெம்பி எடுக்கவும். ஆன்டெனா கம்பிக்கு மிச்ச ஸ்ப்ரூ போதும்: மெழுகுவத்திச் சுடரின் மேல், தீயில் படாமல், சுற்றிக்கொண்டே காட்டி, இளகி மினுங்கும்போது தீயிலிருந்து எடுத்து இரு கையாலும் இழுத்தால் முடியளவு நூல் வரும். மெதுவாக இழுத்தால் தடிமன், வேகமாக இழுத்தால் மெல்லியது. இரு முனையிலும் ஒரு புள்ளி சூப்பர் க்ளூவால் ஒட்டுங்கள். தொய்வாக இருந்தால், ஊதி அணைத்த தீக்குச்சியின் சூட்டைத் தொடாமல் அருகே காட்டுங்கள். நூல் சுருங்கி விறைக்கும். இன்னும் நெருங்கினால் அறுந்துவிடும், ஆகவே நாலைந்து நூல் கூடுதலாகவே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.