டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆப் மட்டும் ஓடவில்லையா?

பைத்தானுக்கோ ஜாவாஸ்கிரிப்டுக்கோ சொந்தமாக ஒரு ரன்டைம் (அந்த மொழியில் எழுதிய நிரலை ஓட்டும் மென்பொருள்) எழுதுகிறீர்கள், டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டுகிறது, ஆனால் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு லைப்ரரியை ஏற்றியதும் படுத்துவிடுகிறது. கோடில் கை வைக்காதீர்கள். அந்த லைப்ரரி எதை நம்பி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் தேடிப் பிடியுங்கள். மொழியின் அதிகாரபூர்வ விதி சொன்னதையே நீங்கள் தப்பாகச் செய்திருக்கலாம் (பெரும்பாலும் இதுதான்). இல்லையென்றால் விதி வாயே திறக்காத இடமாக இருக்கும். அபூர்வமாக, விதிக்கு நேர் எதிரானதை அது எதிர்பார்க்கும்.

தலைவலி நடுவில் சொன்னதுதான். ஒரு பைத்தான் நிரல் கோப்பைத் திறந்து எழுதிவிட்டு மூடாமலே விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானின் மூல ரன்டைமான சிபைத்தானில் அந்தக் கோப்பைச் சுட்டும் கடைசி ரெஃபரன்ஸ் போனதுமே அது மூடப்பட்டு, எழுதியதெல்லாம் உள்ளே போய்விடும். இன்னொரு ரன்டைமான பைபையில், பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் எப்போது வருகிறதோ அப்போதுதான், அதனால் அடுத்த வரியிலேயே அதே கோப்பைப் படித்தால் காலியாக இருக்கலாம். உடனே மூடுவேன் என்று மொழி வாக்குக் கொடுக்கவே இல்லை. இதற்காக நினைவக நிர்வாகத்தையே மாற்றுவது கட்டுப்படியாகாது. பைபை வித்தியாசத்தை ஆவணத்தில் எழுதி வைத்ததோடு நின்றுகொண்டது, சரியான முடிவு என்பேன். டிக்‌ஷனரி வரிசை வேறு கதை. சாவி-மதிப்பு இணைகளை வைக்கும் இந்த அமைப்பில், சேர்த்த வரிசையிலேயே சாவிகள் வருவது சிபைத்தான் 3.6-இல் வெறும் உள்விவரம், 3.7-இல் மொழியின் விதியே ஆகிவிட்டது. ஆகவே விதி சொல்லாத நடத்தையையும் குறைந்த செலவில் காப்பியடிக்க முடிந்தால் அடித்துவிடுங்கள்.

விதிக்கு எதிரானது என்றால் அதை ஒரு ஆப்ஷனுக்குப் பின்னால் வையுங்கள், முன்னிருப்பாக அணைத்தே. ஆப்பின் பெயரைப் பார்த்து நடத்தையை மாற்றும் இஃப் (if) நிபந்தனை மட்டும் வேண்டாம், அப்புறம் அதைத் துடைத்து முடியாது. நிறைய பேர் அடிபடுகிறார்கள் என்றால் விதி எழுதுபவர்களிடமே போங்கள், அவர்களும் இறங்கி வருவதுண்டு: 2018-இல் ஜாவாஸ்கிரிப்டில் சேர்க்கவிருந்த ஃபிளாட்டன் என்ற அரே செயல்பாடு, மூடூல்ஸ் என்ற லைப்ரரியைப் பயன்படுத்திய பழைய தளங்களை உடைத்ததால்தான் பெயர் மாறி ஃபிளாட் ஆனது.

விட்டுக்கொடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட் எழுதி, அதை மூல ரன்டைமிலும் ஓட்டுங்கள். விண்டோஸ் நிரல்களை லினக்ஸ் போன்றவற்றில் ஓட்டும் ஒயினில் இப்படித்தான். டெஸ்டுகள் நிஜ விண்டோஸிலும் ஓடும், ஒயினில் இன்னும் தேறாததை டூடு_ஒயின் என்று குறிப்பார்கள். அப்படிக் குறித்தது ஒருநாள் திடீரென்று தேறிவிட்டால் அதையும் தோல்வியாகவே காட்டும், யாராவது வந்து குறியை எடுக்கும்வரை.