மூளை முடக்குவாதம்: ஒரு கை பின்தங்கிய குழந்தைக்கு வீட்டில் கைப்பயிற்சி

மூளை முடக்குவாதத்தால் (செரிபிரல் பால்சி) ஒரு கை சரியாக இயங்காத குழந்தைக்கு அந்தக் கையில் எண்ணெய் தேய்த்து நீவி விடுவது, பொத்திய விரல்களைப் பிரித்துப் பிரித்து விடுவது, இரண்டும் குடியாத்தத்திலிருந்து ஆரணி வரை பல வீடுகளில் தினமும் நடக்கிறது. குழந்தைக்கு அது இதமாக இருக்கும், செய்யலாம். ஆனால் அதனால் கை வேலை பழகாது. பழுது கையில் இல்லை, கைக்குக் கட்டளை அனுப்பும் மூளைப் பகுதியில் இருக்கிறது. குழந்தை தனக்கு வேண்டிய ஒன்றுக்காகத் தானே முயன்று, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவிலிருந்துதான் மூளை கற்றுக்கொள்கிறது. எனவே அந்தக் கைக்கு வேலை கொடுங்கள். நல்ல கைக்குப் பக்கத்தில் நின்று உதவும் துணைக்கையாக அதைப் பழக்குவதுதான் நோக்கம்.

ஒரு வயது ஆவதற்குள்ளேயே குழந்தை ஒரு கையை மட்டும் நீட்டுகிறதா? “இடதுகைப் பழக்கம், தாத்தாவைப் போல” என்று விட்டுவிட வேண்டாம். அந்த வயதில் இரண்டு கையும் ஏறக்குறைய சமமாக ஓட வேண்டும். நான்கு மாதத்துக்குப் பிறகும் ஒரு கை எப்போதும் பொத்தியபடி, கட்டைவிரல் உள்ளே மடங்கி இருந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதலில் உட்காரும் விதம்

உடம்பு ஆடினால் கை வராது. விழாமல் இருப்பதற்கே குழந்தை தோளையும் கையையும் இறுக்கிவிடும். தரையில் கால் நீட்டி உட்கார்ந்தால், தொடையின் பின்தசை இறுகிய குழந்தைக்கு இடுப்பு பின்பக்கம் சரிந்து முதுகு வளையும். அதைவிட ஒரு சின்ன ஸ்டூல் மேல். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்து, அந்த உயரத்தில் ஸ்டூல் எடுங்கள். பாதம் இரண்டும் முழுதாகத் தரையில் படிய வேண்டும். மேசை முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும். மேசை உயர்ந்துவிட்டால் தோள் தூக்கிக்கொள்ளும், விரலும் இறுகும்.

பொத்திய கையைத் திறப்பது

விரல் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்கத் தசை எதிர்த்து இறுகும். கட்டைவிரல் நுனியை இழுத்தால் அடிமூட்டு பின்னுக்கு வளைந்து நாளடைவில் தளர்ந்துபோகும், பிறகு பிடிப்பே நிற்காது. செய்ய வேண்டிய முறை இது: மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் மெதுவாக மடக்குங்கள், விரல்கள் தாமாகவே கொஞ்சம் தளரும். கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேட்டைப் பிடித்து அதை வெளியே கொண்டுவாருங்கள். பிறகு மற்ற விரல்களை விரித்து, விரிந்த நிலையிலேயே மணிக்கட்டை மெல்ல நிமிர்த்துங்கள். அவசரமாகச் செய்தால் கை வெடுக்கென்று மூடிக்கொள்ளும். கை திறந்ததும் அதில் ஒரு பொருளைக் கொடுத்துவிடுங்கள். வெறுமனே திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிவிடும்.

பிடிப்பதைவிட விடுவது கஷ்டம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் “போடு, போடு” என்று குழந்தையை அவசரப்படுத்துகிறார்கள். குரல் உயர்ந்தாலே கை இன்னும் இறுகும். 4 முதல் 5 செ.மீ. தடிமனுள்ள பொருளில் தொடங்குங்கள்: சின்ன டம்ளர், பூரிக்கட்டை, சிறிய பந்து. கோலி, பொட்டுக்கடலை போன்றவை முஷ்டிக்குள் மறைந்துவிடும். சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளவும் செய்யும். விடுவதைப் பழக்க, அகல வாய் குண்டானை மேசையில் வைத்து, முன்கை அதன் விளிம்பில் சாய்ந்திருக்க, மணிக்கட்டு உள்ளே தொங்கும்படி வையுங்கள். மணிக்கட்டு மடங்கும்போது விரல் எளிதாகத் திறக்கும். அது கைவந்தபின் குண்டானை உயர்த்தி, மணிக்கட்டு நிமிர்ந்த நிலையில் விடச் சொல்லுங்கள்.

இரண்டு கைக்கும் வேலை

துணைக்கைக்கான வேலையில் ஏறுவரிசை உண்டு. முதலில் அழுத்திப் பிடிப்பது: நோட்டு நகராமல் கை வைப்பது, சத்துணவுத் தட்டை ஒரு கையால் நிறுத்திக்கொள்வது. அடுத்தது பற்றிக்கொள்வது: டிபன் டப்பாவைத் துணைக்கை பிடிக்க, நல்ல கை மூடியைத் திறப்பது, முருங்கைக்கீரைக் காம்பைப் பிடிக்க மற்றது இலை உருவுவது. கடைசியில்தான் பிடித்ததைத் திருப்புவதும் மாற்றுவதும்: வாழைப்பழம் உரிப்பது, சப்பாத்தி பிய்ப்பது, மணி கோப்பது. கத்திரிக்காயைப் பிடிக்கக் கொடுப்பதென்றால் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வேண்டாம். பல குழந்தைகளுக்கு இந்தக் கையில் தொடு உணர்வும் மங்கல், முள் குத்தியதும் சூடு பட்டதும் தாமதமாகத்தான் தெரியும். சூடான டம்ளரையும் அந்தக் கையில் தராதீர்கள்.

சட்டை போடும்போது துணைக்கை முதலில் உள்ளே போகட்டும், கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வரட்டும். பொத்தானைக் கடைசிக் கட்டத்திலிருந்து கற்றுக்கொடுங்கள்: நீங்கள் பொத்தானைத் துளையில் பாதி தள்ளிவிடுங்கள், மீதியைக் குழந்தை இழுக்கட்டும். அது பழகியதும் அதற்கு முந்தைய படியையும் குழந்தையிடமே விடுங்கள். முடித்தது தானே என்ற சந்தோஷம் ஒவ்வொரு முறையும் குழந்தைக்குக் கிடைக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வலது கை பாதிக்கப்பட்ட குழந்தை இடது கையால் சோறு எடுத்தால் பாட்டி அதட்டுவார். அதட்டினால் குழந்தை சாப்பிடுவதை நிறுத்தி ஊட்டச் சொல்லும், அவ்வளவுதான். இடது கை சாப்பிடட்டும், வலது கை தட்டைப் பிடிக்கட்டும். ஸ்பூன் பிடி நிற்கவில்லையென்றால், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தைப்பவர்களிடம் மென்தோலில் ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்து, உள்ளங்கையைச் சுற்றி ஸ்பூனைத் தாங்கும் வார் ஒன்று தைத்து வாங்கிக்கொள்ளலாம்.

நல்ல கையைக் கட்டிப் பழக்குவது

ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைக்கு இது நல்ல முறை. நல்ல கைக்கு மெல்லிய துணி உறை மாட்டி, துணைக்கையால் மட்டும் விளையாட வைப்பது. கணக்கு முக்கியம்: கையின் திறன் ஒட்டுமொத்தமாக மேம்பட 30 முதல் 40 மணி நேரப் பயிற்சி தேவை. தினம் 2 மணி நேரம் என்றால் 15 முதல் 20 நாள். ஒரே மூச்சில் வேண்டாம், அரை மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு நாளுக்கு 30 நிமிடம், வாரம் 6 நாள், 6 வாரம்; பிறகு 6 வாரம் இடைவெளி விட்டு மறுபடி 6 வாரம். நடக்கும்போதும் படி ஏறும்போதும் உறையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் ஊன்ற அந்தக் கை வேண்டும். வலிப்பு கட்டுப்படாத குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். குழந்தை அழுது உறையைப் பிடுங்கினால் கொடுத்த வேலை கடினம் என்று பொருள். வேலையை எளிதாக்குங்கள், உறையை இறுக்கிக் கட்டாதீர்கள். கத்திரி வெயிலில் இதை ஆரம்பிக்காமல் ஆடி, ஆவணிக்குத் தள்ளிவைப்பது புத்திசாலித்தனம். உறை முடிந்ததும் இரண்டு கை வேலைக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் கற்றது அன்றாட வாழ்க்கைக்குள் வராது. சொல்லப்போனால், அதே அளவு நேரம் இரண்டு கை வேலையே செய்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். உறையை வெறுக்கும் குழந்தையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கை தானாக முறுக்கிக்கொண்டு அசையும் குழந்தைக்கும், எட்டும்போது நடுங்கும் குழந்தைக்கும் வழி வேறு. முழங்கையை மேசையில் ஊன்றச் செய்யுங்கள், மற்ற கை மேசையில் பதித்த ஒரு கட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும். விளிம்பு உயர்ந்த தட்டு, அதன் அடியில் ஈரத்துணி. கையைக் கட்டும் முறை இவர்களுக்கு இல்லை.

ஸ்பிளின்ட் (கையைச் சரியான நிலையில் தாங்கும் அணைப்பு) கொடுத்திருந்தால் சொன்ன நேரம் மட்டும் போடுங்கள். பெரும்பாலும் அது இரவுக்குத்தான், பகல் முழுதும் போட்டால் கை வேலை செய்யாது. கழற்றியபின் சிவப்பு 20 நிமிடத்துக்கு மேலும் மறையாவிட்டால் அளவு சரியில்லை. சூட்டில் இளகும் பிளாஸ்டிக் அது. வேலூர் வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டிலும், வெந்நீரிலும் உருமாறிவிடும்.

மணிக்கட்டு நாளுக்கு நாள் மடங்கி, கையால் நிமிர்த்தினாலும் வரவில்லையென்றால் வீட்டுப் பயிற்சியோடு நிற்காதீர்கள். வேலூர் பாகாயத்தில் 1966 முதல் இயங்கும் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு நிலையத்திலோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். போட்டாக்ஸ் ஊசி போட்டால் தசை தளர்வது சுமார் மூன்று மாதம்தான். அந்த மாதங்களில் பயிற்சியைக் கூட்டாவிட்டால் ஊசிச் செலவு வீண். பள்ளிக் குழந்தைக்கு வட்டார வள மையத்தில் பிசியோதெரபி உண்டா என்று தலைமை ஆசிரியரிடம் விசாரியுங்கள்.

ஒரே நேரத்தில் ஒரே வேலையைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் குழந்தையையே கேட்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே டப்பா, அதே மேசை வைத்து ஒரு நிமிட வீடியோ எடுங்கள். நான்கு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் குழந்தையைக் குறை சொல்லாமல், வேலையை ஒரு படி கீழே இறக்குங்கள்.