நாக்கில் பரு தோன்றினால் என்ன செய்வது?

மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்ற மறுநாள் காலையில், நாக்கின் நுனியில் ஊசி குத்துவதுபோல் ஒரு பரு உறுத்துவதைப் பலர் உணர்ந்திருப்பார்கள். சிவந்தோ வெளுத்தோ கடுகளவில் இருக்கும் அது, நாக்கின் மேலுள்ள சிறு மொட்டுகளில் ஒன்று எரிச்சலுற்று வீங்கியதாகவே பெரும்பாலும் இருக்கும். புளிப்பும் காரமும் மட்டுமல்லாமல், பல்லில் கடிபடுவதும் சூட்டில் வெந்துபோவதும் இதைத் தூண்டலாம். சில நாட்களில் தானாகவே அடங்கிவிடும்.

முதலில் நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நாக்கை முழுவதும் நீட்டிப் பாருங்கள். அடிநாக்கில் வரிசையாகத் தெரியும் 8 முதல் 12 வரையிலான பெரிய முண்டுகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை எல்லோருக்கும் பிறவியிலேயே இருப்பவை. நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவந்து வலிக்கும் குழி வாய்ப்புண். அது ஒன்றிரண்டு வாரங்களில் ஆறும். அடிக்கடி வந்தால் இரும்புச்சத்தோ, பி12 வைட்டமினோ, ஃபோலிக் அமிலமோ குறைந்திருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வது நல்லது. குழந்தைக்குக் காய்ச்சலுடன் வாயில் புண்ணும், உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளங்களும் கண்டால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின் கொப்பளித்துத் துப்புங்கள். கேழ்வரகுக் களியைச் சுடச்சுட உருட்டி விழுங்குவது நம் ஊர் வழக்கம் என்றாலும், பரு ஆறும்வரை களியை நன்றாக ஆறவிட்டு, புளிக்குழம்பைத் தவிர்த்து, புளிக்காத மோருடனோ பாசிப்பருப்புக் கடைசலுடனோ உண்ணுங்கள். நாக்கு வழிப்பானை அழுத்தி இழுக்க வேண்டாம். நகத்தால் கிள்ளுவதும், ஊசியால் குத்துவதும், சுண்ணாம்பு வைப்பதும் சிறு பருவைப் பெரும்புண்ணாக்கிவிடும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது நாள் கணக்கை. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், தொட்டால் கெட்டியாகத் தட்டுப்படும் கட்டி, வழித்தாலும் போகாத வெண்படலம், காரணமின்றிக் கசியும் இரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும், வலி இல்லை என்பதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. வாய்ப்புற்று தொடக்கத்தில் வலிக்காமலே இருக்கலாம். வெற்றிலையும் புகையிலையும் அடக்கிக்கொள்ளும் பெரியவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியதே. உடைந்த பல்லின் கூர்முனை நாக்கின் ஓரத்தை ஓயாமல் உரசிக்கொண்டிருந்தால், அந்த முனையைப் பல் மருத்துவர் தேய்த்துச் சரிசெய்யும்வரை புண் ஆறாது.

மருத்துவரிடம் போகும்போது பரு தோன்றிய நாளையும், அன்று உண்டதையும், உட்கொண்டுவரும் மாத்திரைகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். மஞ்சளோ ஊதா மருந்தோ தடவாமல் சென்றால்தான் பருவின் உண்மையான நிறம் அவர் கண்ணுக்குத் தெரியும்.